பதினொன்றாம் போர்டு

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருக்கும் செல்லக்கண்ணுவுக்கு வயது ஐம்பத்தொன்று. சுண்ணாம்புக்கல்லைச் சுமந்து வரும் பெல்ட் எங்கே கிழிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குடி கிடையாது, பீடி கிடையாது, ஊர் வம்பும் கிடையாது. இருக்கிற ஒரே பழக்கம் சீட்டு. உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். இது காசு வைத்து ஆடுகிற ஆட்டம் இல்லை. பிரிட்ஜ். அதிலும் டூப்ளிகேட் பிரிட்ஜ்.

இதை அவர் மனைவி பூமாலையிடம் ஒன்பது வருஷமாக விளக்கிப் பார்க்கிறார். "காசு வெச்சு ஆடுறவனாச்சும் என்னிக்காவது ஜெயிச்சா அரைக்கிலோ கறி வாங்கியாருவான். நீங்க ஞாயித்துக்கெழம பூரா ஆடிப்புட்டு வெறுங்கைய வீசிக்கிட்டு வரீங்க" என்று அவள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அதற்கு மேல் என்ன பேசுவது?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆலைக் குடியிருப்பில் இருக்கும் கிளப்புக்கு டேபிள் டென்னிஸ் மேசையின் காலைச் சரிசெய்யப் போனவர்தான். அங்கே மூன்று அதிகாரிகள் நாலாவது ஆள் வராமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். "சீட்டுத் தெரியுமாப்பா?" என்றார்கள். தெருவில் முந்நூத்தி நாலு ஆடி வளர்ந்தவருக்குச் சீட்டுத் தெரியாமல் இருக்குமா? ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தவர், அன்றைக்கு எழுந்திருக்க மனமில்லாமல்தான் எழுந்தார்.

டூப்ளிகேட் என்றால் என்ன என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழப்பம் வரும். மேசைக்கு நாலு பேர், எதிரெதிரே உட்காருகிற இரண்டு பேர் ஒரு ஜோடி. கலைத்துப் போட்ட சீட்டை, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலு இடுக்கு உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் போர்டு. ஒரு மேசையில் ஆடி முடித்ததும் அவரவர் சீட்டை அவரவர் இடுக்கில் திரும்ப வைத்துவிட வேண்டும். போர்டு அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். ஆக, எல்லா மேசைக்கும் அதே சீட்டு. அதே சீட்டை வைத்துக்கொண்டு யார் நன்றாக ஆடினார்கள் என்பதற்குத்தான் மார்க்.

இதைக் கேட்டபோதுதான் செல்லக்கண்ணு விழுந்தார். அவர் அப்பா கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். தனக்கு ஒரு மாதிரி, பக்கத்துத் தெருக்காரனுக்கு ஒரு மாதிரி என்றே உலகத்தைப் பார்த்துப் பழகிய செல்லக்கண்ணுவுக்கு, மேனேஜருக்கும் ஃபிட்டருக்கும் ஒரே சீட்டைக் கொடுத்து 'ஆடு பார்ப்போம்' என்கிற ஆட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றால் சும்மா விடுவாரா?

ஜோடி அமைந்ததும் நல்ல ஜோடி. ராஜராஜன், விக்கிரமங்கலத்தில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், கணக்கில் பட்டம் வாங்கியவர். ஐந்து வருஷமாக ஞாயிறுதோறும் அரியலூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறார்கள். ராஜராஜனுக்கு மூளை மின்னல், கோபமும் மின்னல். அவர் ஓயாமல் திட்டுவது ஒரே விஷயத்துக்குத்தான். முந்நூத்தி நாலில் ஒரு சுற்று முடிந்தால் சீட்டையெல்லாம் யாராவது வாரி, தட்டி, அடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அந்த யாராவது செல்லக்கண்ணுதான். பிரிட்ஜுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. "அண்ணே, அடுத்தவங்க சீட்டத் தொடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? நீங்க என்ன கல்யாணப் பந்தியில எலையா எடுக்குறீங்க?" என்பார் ராஜராஜன். செல்லக்கண்ணு சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொள்வார்.

இந்த வருஷம் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. திருச்சியில் பேங்க் மேனேஜராக இருக்கும் அறிவழகன், மதுரையில் நடக்கிற மாநிலப் போட்டிக்கு ஏற்கெனவே தேர்வானவர். அவருடைய ஜோடி மாற்றலாகி வடக்கே போய்விட்டார். அவர் கண் ராஜராஜன் மேல் விழுந்தது. ராஜராஜன் ஒளிவுமறைவு தெரியாத ஆள், நேராகவே சொல்லிவிட்டார்.

"பெரம்பலூர் போட்டியில மொத மூணு எடத்துக்குள்ள வந்தா மதுரைக்கு நாம ரெண்டு பேரும் போறோம். வரலன்னா நான் அவரோட சேந்துக்குறேண்ணே. அப்புறம் ஞாயித்துக்கெழமையெல்லாம் திருச்சிதான். எனக்கும் நாப்பத்தாறு ஆவுது. இனிமே எப்ப மேல வர்றது?"

"ஞாயந்தாங்க சார்" என்றார் செல்லக்கண்ணு. ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஃபிட்டரோடு ஜோடி சேர அரியலூரில் வேறு யார் வரிசையில் நிற்கிறார்கள்? ஜோடி இல்லாமல் பிரிட்ஜ் இல்லை. ராஜராஜன் போனால் ஆட்டமே போச்சு.

பெரம்பலூர் போட்டியை எப்போதும் ஆடி மாதத்தில்தான் வைப்பார்கள். முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபம் காலியாகக் கிடக்கும். ஒரே தொல்லை காற்று. ஜன்னலைத் திறந்தால் சீட்டுப் பறக்கும், மூடினால் வேர்த்துக் கொட்டும். மூடி வைத்துக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து எட்டு மேசையில் ஆடினார்கள். பெரிய ஊர்களில் சீட்டை மெஷின் கலைத்து, யார் கையில் என்ன இருந்தது என்று தாளும் அச்சடித்துக் கொடுக்கும். இங்கே எல்லாம் கையால் கலைத்துப் போட்டதுதான், தாள் ஏது?

காலையிலிருந்தே இருவருக்கும் ஆட்டம் பிரமாதமாக ஓடியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினொன்றாம் போர்டு அவர்கள் மேசைக்கு வந்தது. எதிர் ஜோடி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை பொன்னம்மாளும், நர்ஸாக இருக்கும் வினோதினியும். பொன்னம்மாளுக்கு எழுபத்து நாலு வயது, கை நடுங்கும், மூளை நடுங்காது. செல்லக்கண்ணு இஸ்பேடைத் துருப்பாக்கிப் பதின்மூன்று பிடியில் பத்தை எடுக்கிறேன் என்று ஏலம் கேட்டிருந்தார். எல்லாம் ஆர்ட்டின் ராஜா யாரிடம் இருக்கிறது என்பதில் வந்து நின்றது. மேற்கில், பொன்னம்மாள் கையில் இருந்தால் பத்து. கிழக்கில், வினோதினி கையில் இருந்தால் ஒன்பதுதான், தோல்வி. செல்லக்கண்ணு மேற்கு என்று துணிந்து ராணியை இறக்கினார். ராணி நின்றது. அடுத்த சுற்றில் அவருடைய ஆஸுக்கு அடியில் பொன்னம்மாள் நடுங்கும் விரலால் ராஜாவை வைத்தார். பத்துப் பிடி!

"சபாஷ்ணே!" என்று ராஜராஜன் மேசையைத் தட்டிவிட்டுத் தன் சீட்டை இடுக்கில் செருகி, தண்ணீர் குடிக்கப் போனார். மணி அடித்துவிட்டது, அடுத்த மேசைக்கு மாற வேண்டும். பொன்னம்மாளுக்கு நாற்காலியிலிருந்து எழவே நேரமாகும். வினோதினி தாங்கிப் பிடித்தாள்.

"சீட்டு அப்படியே இருக்கட்டும்மா, நான் வெச்சிடுறேன். நீங்க பாத்துப் போங்க" என்றார் செல்லக்கண்ணு.

பழக்கம் சாமி, பழக்கம். இரண்டு பேர் சீட்டையும் எடுத்தார், தட்டினார், அழகாக அடுக்கினார், செருகினார். போர்டு அடுத்த மேசைக்குப் போனது.

ஆட்டமெல்லாம் முடிந்து, முடிவு வருவதற்கு முன்னால் எல்லோருக்கும் கேசரியும் டீயும் கொடுத்தார்கள். செல்லக்கண்ணு கேசரியை வாயில் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு பாடாலூர்க்காரர் புலம்பினார்.

"அந்தப் பதினொண்ணாம் போர்டு கழுத்தறுத்துட்டுங்க. ஆர்ட்டின் ராஜா கிழக்க உக்காந்திருக்குது. எப்புடித்தான் பத்து வரும்?"

"எங்களுக்கும் அதே கததான்" என்றார் இன்னொருவர்.

செல்லக்கண்ணு அவர்கள் பக்கம் திரும்பினார். கிழக்கிலா? மேற்கிலல்லவா இருந்தது! பொன்னம்மாள் வைத்த ராஜா கண் முன்னால் நிற்கிறதே. ஒரு நிமிஷம் யோசித்தார், அவ்வளவுதான் தேவைப்பட்டது. கிழக்குச் சீட்டை மேற்கிலும், மேற்குச் சீட்டைக் கிழக்கிலும் செருகியது இந்தக் கைதான். அவருக்கு முன்னால் இரண்டு மேசை ஒழுங்கான சீட்டை ஆடியிருக்கிறது. அவருக்குப் பின்னால் ஐந்து மேசை இல்லாத ராஜாவைத் தேடித் தோற்றிருக்கிறது. அந்த ஐந்து ஜோடி தோற்றதில்தான் அவருக்குக் கொட்டோ கொட்டென்று மார்க் கொட்டியிருக்கிறது. அதே கணக்கில் பொன்னம்மாளும் வினோதினியும் அடிமட்டத்துக்குப் போயிருப்பார்கள்.

சொன்னால் அந்த மார்க் போகும், அபராதமும் விழும். மூன்று இடத்துக்குள் வருவது சந்தேகம். ராஜராஜன் போய்விடுவார். சொல்லாவிட்டால்? ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிந்தே செய்யவில்லையே என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. நல்லெண்ணத்தில்தானே எடுத்து வைத்தாய் என்றது. இந்தப் பாழாய்ப் போன கைக்கு ஒரு விலங்கு போட்டால் தேவலை என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

ராஜராஜன் பத்தடி தள்ளி, ஆட்டம் பார்க்க வந்திருந்த அறிவழகனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். செல்லக்கண்ணு அவரை நோக்கி இரண்டு அடி வைத்தார். நின்றார். அப்புறம் திரும்பி, கேசரித் தட்டைக் கையில் வைத்தபடியே, லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்த, போட்டியை நடத்துகிற டைரக்டரிடம் போனார்.

"சார், பதினொண்ணாம் போர்டக் கெடுத்தது நான்தாங்க."

டைரக்டர் முழுவதும் கேட்டார். முதலில் ஆடிய இரண்டு மேசைக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர்களும் ராஜா மேற்கில்தான் இருந்தது என்றார்கள். "நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, விதிப்படி அபராதத்தையும் போட்டார். ஒழுங்கான சீட்டை ஆடிய மூன்று மேசைக்கு ஒரு கணக்கு, மாறிய சீட்டை ஆடிய ஐந்து மேசைக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் போட்டார். அதற்குள் மண்டபம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ராஜராஜன் முகத்தில் ஈயாடவில்லை.

முடிவை வாசித்தார்கள். மூன்றாவது இடம், பொன்னம்மாள், வினோதினி. நாலாவது இடம், ராஜராஜன், செல்லக்கண்ணு. அபராதம் விழாமல் இருந்திருந்தால் இரண்டாவது.

பொன்னம்மாள் மெதுவாக நடந்து வந்தார். "என் சீட்ட நான்தான் வெச்சிருக்கணும் செல்லக்கண்ணு. தப்பு எம்மேலயும் இருக்கு" என்றார். செல்லக்கண்ணு கும்பிட்டார்.

வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ராஜராஜன் தன் பைக்கின் மேல் கையை ஊன்றி நின்றார். சற்றுத் தள்ளி அறிவழகன் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எப்பண்ணே தெரிஞ்சுது?"

"கேசரி சாப்புடுறப்ப சார்."

"நான் பக்கத்துலதான நின்னேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா? நான் உங்க ஜோடியா, இல்ல வேடிக்க பாக்க வந்தவனா?"

"தோணுச்சுங்க. ரெண்டடி வந்துட்டேன்."

"அப்புறம்?"

செல்லக்கண்ணு கண்ணைக் கசக்கினார். மண் விழுந்ததாகவும் இருக்கலாம்.

"கேட்டா, நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்கன்னா? அதுக்கப்புறமும் நான் போயிச் சொல்லித்தான் இருப்பேன். ஆனா உங்க எதுத்தாப்ல உக்காந்து மறுபடி ஆட என்னால முடியாதுங்க. அதுக்கு நீங்களே என்ன விட்டுட்டுப் போனாத் தேவலன்னு தோணுச்சு. நல்ல ஆளுகூட அஞ்சு வருசம் ஆடுனோம்ங்கிற நெனப்பாச்சும் எனக்கு மிஞ்சும்ல. அதான் கேக்கல."

ராஜராஜன் பைக் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"வேணாம்னுதாண்ணே சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில். "சத்தியமா. வாய மூடிக்கிட்டு இருங்கன்னு சொல்லியிருப்பேன். இப்பச் சொல்லிட்டேன்ல, இனிமே நீங்க எங்கூட ஆடுவீங்களா, மாட்டீங்களா?"

ஐந்து வருஷத்தில் அந்த மனிதர் இப்படிப் பயந்து ஒரு கேள்வி கேட்டுச் செல்லக்கண்ணு பார்த்ததில்லை.

"நீங்க எங்க சார் சொன்னீங்க?" என்றார் அவர். "நாந்தான் கேக்கவே இல்லியே."

ராஜராஜன் அவரையே பார்த்தார். பிறகு விடுவிடுவென்று காரை நோக்கிப் போனார். அறிவழகனிடம் என்னவோ சொன்னார், கையெடுத்துக் கும்பிட்டார். அறிவழகன் தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். கார் திருச்சிப் பக்கம் திரும்பியது.

"மதுரைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்று திரும்பி வந்து பைக்கை உதைத்தார் ராஜராஜன். "ஏறுங்கண்ணே. அந்த எட்டாம் போர்டுல கிளாவர எதுக்கு எறக்குனீங்க? அறிவு இருக்கா உங்களுக்கு?"

செல்லக்கண்ணுவுக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, அரியலூர் வரும்வரை திட்டு வாங்கினார்.