திரும்பி வரும் அம்பு

எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு, சோறு அள்ளிச் சாப்பிடத் தெரிவதற்கு முன்னாலேயே ஒரு சட்டம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். திரியில் நெருப்பு வைத்தாயா, ஓடு. வெடிக்கவில்லையா, அப்போதும் திரும்பிப் போகாதே. அணைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் போகாதே, எதிர்வீட்டுப் பயல் கேலி செய்தாலும் போகாதே. சிவகாசியில் அ, ஆ தெரியாத பிள்ளை இருக்கலாம், இது தெரியாத பிள்ளை கிடையாது. அந்தச் சட்டம் என் கால்களில்தான் இருக்கிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். விரல்களிலும் இருக்கிறது என்பது, அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையில், கம்ப்யூட்டர் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காமலே அதற்கு வேலை சொல்லப் படித்தபோதுதான் தெரிந்தது.

நான் அப்போது கணக்குப் பட்டப்படிப்பின் கடைசி வருடத்துக்குப் போக இருந்தவள். விருதுநகரில் ஒரு கல்லூரியில் விடுமுறை வகுப்பு என்றார்கள். நடத்த வந்தவர் சென்னைக்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். சட்டைப் பையில் பேனா கசிந்த நீலக் கறை. எங்கள் வெயிலைப் பார்த்து மிரண்டுபோய், பானைத் தண்ணீர் இருந்த மூலையை விட்டு நகராமலே பாதிப் பாடம் நடத்துவார். கம்ப்யூட்டரை அவர் கொண்டுவரவில்லை. அது ஒரு அறை முழுக்க உட்கார்ந்திருக்கும், குளிர்ந்த அறையை விட்டு வெளியே வராது என்றார். அவர் கொண்டுவந்தது கலர் சாக்பீஸ் மட்டும்.

"மிஷினுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. அதோட குணம் அவ்வளவுதான்."

"எங்க வீட்டு மாட்டுக்குச் சொன்னதும் ஆகாது சார்" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

செய்ய வேண்டிய வேலைக்கு நீள்சதுரம். கேள்விக்குச் சாய்சதுரம், அதன் ஒரு முனையில் ஆம், மறுமுனையில் இல்லை. இவற்றைத் தொடுத்துக்கொண்டு அம்புகள். இதற்கு ஃப்ளோ சார்ட் என்று பேர். முதல் பயிற்சி, வெளியே போகும்போது குடை எடுப்பதா வேண்டாமா. 'மழை பெய்கிறதா?' என்று சாய்சதுரம் போட்டுவிட்டு, மழை காணாத எங்கள் சீமைப் பெண்கள் எல்லோரும் ஆம் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டோம். அவர் ஜன்னல் வழியே வெள்ளையாகக் கொதிக்கும் வானத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார், எல்லோருக்கும் மார்க் போட்டுவிட்டார்.

எனக்கு அந்த அம்புகள் பிடித்துப்போயின. பிடிக்காமல் எப்படி? அம்பு என்றா நான் பார்த்தேன், திரி என்றல்லவா பார்த்தேன்! ஒரு கட்டத்தில் பற்றி, அடுத்த கட்டத்துக்கு ஓடி, அங்கே பொரிந்து, அதற்கடுத்ததற்குத் தாவும் திரி. பஸ்ஸில் ஆமத்தூரும் திருத்தங்கலும் கடந்து வீடு திரும்பும்போது, பனைமரத்திலிருந்து பனைமரத்துக்கு, மைல்கல்லிலிருந்து மைல்கல்லுக்கு மனசுக்குள் அம்பு இழுத்துக்கொண்டே வருவேன். வகுப்பு முடிந்ததும், சரியாகச் செய்தவர்களைச் சென்னைக்குக் கூட்டிப்போய் அவரவர் எழுதியதை அந்த மிஷினிலேயே ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். நான் மதுரையைத் தாண்டியதில்லை. எனக்கு அந்த மிஷினைப் பார்த்தே ஆக வேண்டும். "பட்டியல்ல உன் பேரு வரட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்று அண்ணனும் வாக்குக் கொடுத்துவிட்டான், வராது என்ற தைரியத்தில்.

அப்போதுதான் அந்தக் கணக்கு வந்தது. நூறு எண்கள் இருக்கின்றன. எது பெரியது? மிஷின் கண்டுபிடிக்கப் படம் போடு.

போட்டேன். முதல் எண்ணை எடு. இரண்டாவது அதைவிடப் பெரியதா? மூன்றாவது பெரியதா? நாலாவது? தாள் தீர்ந்தது. அண்ணனுடைய அச்சாபீஸில் கழிவுத் தாளுக்கா பஞ்சம்? தீப்பெட்டி லேபிள் வெட்டிய மிச்சத்தைப் பசை போட்டு ஒட்டி ஒட்டி, நூறாவது எண் வரைக்கும் சாய்சதுரமாகப் போட்டுச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். பின்பக்கம் முழுக்க, லேபிளில் வெட்டுப்பட்ட அரைகுறைக் கிளிகள்.

சார் ஒரு முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வகுப்பைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, வேப்பமரத்தடியில் போய் நின்றேன். வகுப்பே வெளியே வந்துவிட்டது.

"சரவெடி சார்! பத்த வச்சிராதீக!" என்று கூவினாள் ஒருத்தி.

"தப்பு இல்லம்மா" என்று சார் அங்கிருந்தே கத்தினார். "ஆனா நூறுக்குப் பதிலா லட்சம் எண் கொடுத்தா?"

"ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போவா சார்" என்றாள் அதே பின்வரிசைக்காரி.

சிரித்து முடித்தபின் அவர் சொன்னார்: வெள்ளிக்கிழமைக்குள் இதை ஒரே பக்கத்தில் போட்டுக் கொண்டுவா. படம் சரியாக ஓடினால் உன் பேர் பட்டியலில் இருக்கும்.

ஒரே பக்கம்! நூறு கேள்வியை ஒரு பக்கத்தில் எறும்பெழுத்தில் எழுதிப் பார்த்தேன், எழுதியது எனக்கே தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் சுருளோடு அச்சாபீஸில் போய் உட்கார்ந்தேன். காலண்டர் சீசனுக்கான முதல் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. கூடம் நிறைய மண்ணெண்ணெய் வாசனை. பலகைகளில் காய்ந்துகொண்டிருந்தன மஞ்சள் முகங்கள், இன்னும் உதடு சிவக்காத, கண் திறக்காத அம்மன்கள்.

அண்ணன் என் சுருளைத் தரையில் உருட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான்.

"ஏத்தா, கேட்ட கேள்வியையேவா நூறு தடவ கேட்டு வச்சிருக்க? உன்னிய நம்பி இந்த ஆபீஸ விட்டா நாலு கலருக்கு நாலு மிஷின் வாங்கி வரிசையா நிப்பாட்டுவ போலிருக்கே. மிஷினு ஒண்ணுதான். தாளுதான் திரும்பி வரும்."

பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி அது. மஞ்சள் குடித்த தாள் காய்ந்து, வந்த வழியே திரும்பிச் சிவப்புக்கு வரும், பிறகு நீலத்துக்கு, பிறகு கறுப்புக்கு. அதே மிஷின், அதே வாய். நான் லேபிள் தாள் ஒன்றை இழுத்து, நூறுக்குப் பதில் 'பெரியதா?' என்று ஒரே ஒரு சாய்சதுரமும், அதன் கீழே 'கட்டு தீர்ந்ததா?' என்று இன்னொன்றும் போட்டேன். கீழே இருந்ததன் 'இல்லை' முனையிலிருந்து அம்பைக் கிளப்பினேன், மேலே வளைத்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. வேண்டுமென்று நிறுத்தவில்லை. எரிந்து முடிந்த இடத்துக்குத் திரி திரும்பிப் போகிறதே என்று விரல் கூசிற்று.

காப்பித் தூக்கோடு வந்த மதினி எட்டிப் பார்த்தாள். அவள் பட்டாசுக் கம்பெனி வீட்டில் பிறந்தவள்.

"என்ன, திரும்பிப் போகுது? எங்க வீட்ல இப்படிப் போனா முதுகு பழுத்துரும்."

"இது வெடியில்ல மதினி. தாளு."

"அப்ப தைரியமா இழு."

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். அம்பு போய் முதல் கேள்வியின் தலையிலேயே குத்தி நின்றது. எதுவும் வெடிக்கவில்லை.

அடுத்த வேலை, ஓட்டிப் பார்ப்பது. வகுப்பில் எங்களில் ஒருத்தி மிஷினாக நிற்பாள், படத்தில் உள்ளதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. இங்கே அண்ணனை மிஷினாக்கினேன். கிளி லேபிள்களின் பின்னால் எண்கள் எழுதிக் கட்டாகக் கொடுத்தேன். முதல் லேபிளை இடக்கையில் எடுத்தான், அடுத்ததை வலக்கையில் எடுத்தான்.

"வலக்கையில இருக்கது பெருசா? இல்ல. கட்டு தீந்துச்சா? இல்ல. அம்பு திரும்பிப் போகுது. வலக்கையில இருக்கது பெருசா? இல்ல. கட்டு தீந்துச்சா? இல்ல. பெருசா? இல்ல…"

"அண்ணே, அடுத்த லேபிள எடுங்க."

"நீ எழுதலயே. பெருசா? இல்ல. தீந்துச்சா? இல்ல…"

நிறுத்தவேயில்லை. மதினி காப்பியை ஆற்றி நீட்டினாள். இரண்டு கையிலும் லேபிள். காப்பி குடிக்கவும் படத்தில் சொல்லியிருக்கவில்லை. "என்னங்க, ஆறிப் போகுது" என்றாள். "பெருசா? இல்ல" என்றான் அவளைப் பார்த்து. மதினி என் பக்கம் திரும்பினாள். "நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவுக பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேட்டா, புருசன்மார பைத்தியமாக்கப் படிச்சிருக்குன்னு சொல்லிருதேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, மிஷின் தானாக நின்றது. "ஏ புள்ள, மஞ்ச மேல மஞ்சளே அடிச்சிக்கிட்டுக் கெடக்கேன். மைய மாத்துன்னு நீ எங்க சொன்ன?"

பளிச்சென்றது. திரும்பி வந்தால் மட்டும் போதாது. ஏதாவது ஒன்று மாறித் திரும்ப வேண்டும். அம்பின் நுனியை அழித்து, கேள்விக்கு ஒரு கட்டம் மேலே, 'கட்டிலிருந்து அடுத்ததை வலக்கையில் எடு' என்ற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அண்ணன் மறுபடி மிஷினானான். லேபிள்கள் ஒவ்வொன்றாக இறங்கின, பெரியது வந்தபோதெல்லாம் அது இடக்கைக்கு மாறிற்று. கட்டு தீர்ந்தது. இடக்கையை உயர்த்தி, திருவிழாவில் ஏலம் கூறுகிறவன் போல விடையைக் கூவினான். பிறகுதான் காப்பி குடித்தான், பச்சைத்தண்ணியாகிவிட்டது என்று திட்டிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை சாரே மிஷினாக நின்றார். என் படம் பாதிப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. கட்டிலிருந்த கடைசி எண் வரைக்கும் போனார். நடுவில் என்னென்னவோ தந்திரம் செய்து பார்த்தார், ஒரே எண்ணை இரண்டு தடவை வைத்தார், பெரியதைக் கடைசியில் ஒளித்தார். படம் அசையவில்லை. பேனாவை எடுத்துப் பட்டியலில் என் பேரை எழுதினார். அதன்மேலும் நீலமாகக் கசிந்தது.

அண்ணன் வாக்கைக் காப்பாற்றினான். ஆர்டரை ஃபோர்மேனிடம் விட்டுவிட்டு, மதினி கட்டித் தந்த புளிச்சோற்றோடு ராத்திரி ரயில் ஏறினோம். சென்னையில் அந்தக் குளிர்ந்த அறை. பீரோக்கள் வரிசையாக நின்று பேசிக்கொள்வது போல ஓர் இரைச்சல். என் படம் ஓட்டை போட்ட அட்டைகளாகியிருந்தது, எங்கள் லேபிள் கட்டைவிடச் சற்றே தடிமனான கட்டு. அட்டைகளை மிஷினின் வாயில் வைத்துவிட்டு, "பொத்தானை நீயே அழுத்தும்மா" என்றார் சார்.

அழுத்தினேன். அழுத்தியதும் நானும் அண்ணனும் ஒரே சமயத்தில் பின்னால் பாய்ந்து, சுவரோடு சுவராக, காதைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

சார் எங்களைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் பார்த்தார்கள். அட்டைகள் சரசரவென்று இறங்கின. தூரத்தில் எதுவோ கடகடத்தது, தாள் ஒன்று நாக்கை நீட்டியது, பிறகு சத்தம் ஓய்ந்தது.

"முடிஞ்சுதும்மா. போய் எடு."

அண்ணன் என் முழங்கையைப் பிடித்தான். "இரு புள்ள, கொஞ்சம் பொறு" என்றான், பழக்கதோஷம். நான் கையை விடுவித்துக்கொண்டு, பற்றவைத்த இடத்துக்கே திரும்பி நடந்தேன்.