கோட்டைக்குக் கிளம்பிய சனிக்கிழமை

காலையில் டெப்போவிலிருந்து போன் வந்தபோது அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கேமராவைப் போட்டுப் பார்த்துட்டாங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. திங்கக்கிழமை வண்டி எடுத்துடுங்க" என்றார் மேலாளர்.

பால் பொங்கி வழிந்தது. அவள் அசையவில்லை.

நகரப் பேருந்து ஓட்டுகிறவள். இத்தனை வருஷத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. போன மாதம் சந்திலிருந்து ஒரு சைக்கிள்காரர் அம்பு மாதிரி பாய்ந்து வந்தார். உயிரைக் கொடுத்து பிரேக்கை மிதித்தாள். சைக்கிள் அப்பளமாய் நொறுங்கியது. மனுஷர் முழங்கைச் சிராய்ப்போடு எழுந்து நின்றார். ஆனாலும் இரும்பு நொறுங்கிய அந்தச் சத்தம் அவள் காதிலேயே குடியேறிவிட்டது. விசாரணை முடியட்டும் என்று வீட்டில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து சொந்தக் காரின் சாவியைக்கூட அவள் தொடவில்லை.

அவள் கணவர் சலூன் வைத்திருந்தார். செய்தி காதில் விழுந்ததும் திறந்த கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தார்.

"கிளம்பு."

"எங்கேங்க?"

"கடலோரத்துல ஒரு இடிஞ்ச கோட்டை இருக்காம். முடி வெட்ட வந்தவர் சொன்னார். ராத்திரி பக்கத்து ஊர்ல தங்கிட்டு நாளைக்கு வருவோம்."

"சனிக்கிழமை கடையில கூட்டம் இருக்குமே?"

"முடி எங்க ஓடிப்போகப் போகுது? இன்னும் கொஞ்சம் வளர்ந்துட்டு வரட்டும்!"

அவர்தான் ஓட்டினார். கத்தரி பிடித்தால் பூ மாதிரி இருக்கும் அந்தக் கைக்கு கியர் மட்டும் ஜென்மப் பகை. கார் உதைத்து உதைத்துப் போனது. பக்கத்து சீட்டில் அவள் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள்.

கோட்டை ஒரு பாறை முனையில் நின்றது. கூரை போய்விட்டது, சுவர்கள் மட்டும் மிச்சம். ஜன்னல் இருந்த ஓட்டைகளில் ஆளுயரத்துக்குக் கடல் தெரிந்தது. கீழே அலை மோதும்போதெல்லாம் அந்த அதிர்வு கால் வரைக்கும் வந்தது. வெயிலில் காய்ந்த கல்லில் முதுகைச் சாய்த்து அவள் கண்ணை மூடினாள். காதில் அலையையும் காற்றையும் தவிர வேறு சத்தம் இல்லை.

"இங்க பாரு!" என்று மேலிருந்து குரல். கணவர் உடைந்த படிக்கட்டில் ஏறி ராஜா மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றார். அடுத்த நொடியே ராஜா வழுக்கிக் கீழே வந்தார்.

கணுக்கால் பார்க்கும்போதே வீங்கியது. வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை.

தோளில் சாய்த்துக் காருக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அவர் சாவியை நீட்டினார்.

"என்னால முடியாதுங்க."

"இந்தக் காலோட நான் ஓட்டினா, கோட்டையோட சேர்த்து நம்மளையும் இடிபாட்டுக் கணக்குல எழுதிடுவாங்க."

சிரிப்பு வந்தது, பயம் போகவில்லை. ஆனாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல், நடுவில் ஒற்றை வண்டி போகிற பாதை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, அடிமேல் அடி வைப்பதுபோல் இறக்கினாள். பாதி வழியில் புதரிலிருந்து ஒரு ஆடு துள்ளி நடுப்பாதைக்கு வந்தது.

கால் தானாகப் போய் பிரேக்கில் அமர்ந்தது. கார் அலுங்காமல் நின்றது. ஆடு அவளை ஒருமுறை முறைத்துவிட்டு நிதானமாகத் தாண்டிப் போனது.

வைப்பர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுது தீர்த்தாள். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"வலிக்குதாங்க?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உயிர் போகுது. நீ அழுது முடி, அவசரமில்ல."

கீழே இருந்த சின்ன ஊரில் ஒரு மருத்துவர் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்று கட்டுப்போட்டு அனுப்பினார். கடலைப் பார்த்தாற்போல் ஒரு அறை கிடைத்தது. அவள் படுத்தவுடன் குறட்டை விட்டாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. நேர்வழி வேண்டாம், கடலோரமாகவே சுற்றிப் போகலாம் என்று அவளே சொன்னாள். அவர் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, "அதோ கப்பல், அதோ பாறை" என்று வீடு சேரும்வரை கத்திக்கொண்டே வந்தார்.