கணவாய்க்கு ஊற்றிய சொம்புத் தண்ணீர்

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் ஒரு காலை, என் கணவர் சென்னை மெயிலில் வந்து இறங்கினார். அவர் கையிலிருந்த எனாமல் வாளியில்தான் எங்கள் பிழைப்பு இருந்தது. கல்லூரி விலங்கியல் பிரிவில் அவருக்குத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்யப் பிரின்சிபால் அன்று பதினோரு மணிக்கு வருகிறார். கடலில் ஒளிவிடும் பிராணியை பெங்களூரிலேயே உயிரோடு காட்டுகிறேன் என்று இவர் சவால் விட்டிருந்தார். வாய்க்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

வாளிக்குள் மணலும் கடல்நீரும்தான் தெரிந்தன.

"உள்ளதான் இருக்குது. பகல்ல மணல்ல புதைஞ்சிக்கும். மூணு கொண்டாந்தேன், ஜோலார்பேட்டையிலயே ரெண்டு செத்துப்போச்சி. பத்திரம்" என்றார்.

குட்டைவால் கணவாய். கட்டைவிரல் அளவு, உருண்டை உடம்பு, இரு பக்கமும் காது மாதிரித் துடுப்பு. நாங்கள் குழம்பு வைக்கும் கணவாய்க்குள் இருக்கும் ஓடு இதற்குக் கிடையாது. இதில் பல வகையாம். சிலவற்றுக்கு ஒளி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. அந்த ஒளியும் சொந்தமில்லை, வயிற்றுப் பக்கம் ஒரு பையில் குடியிருக்கும் கிருமிகளுடையது. பல் தேய்த்துக்கொண்டே இவ்வளவும் சொல்லிவிட்டு, இருட்டறை தயார் செய்யச் சைக்கிளில் பறந்தார். வாளியை நான் ஜட்காவில் கொண்டுவர வேண்டும்.

புடவை மாற்றிக்கொண்டு வந்தால், வாளி பக்கத்தில் மாமியார் காலிச் சொம்போடு நிற்கிறார்.

"என்ன அத்தே செஞ்சீங்க?"

"பாவம்மா, ராவெல்லாம் ரயில்ல வந்திருக்குது. தாகமா இருக்குமேன்னு தண்ணி ஊத்தினேன்."

எங்கள் மர்பி டவுன் வீட்டில் யார் வந்தாலும் முதலில் தண்ணீர்தான், சண்டைக்கு வந்தவர்களுக்கும். ஆனால் நல்ல தண்ணீர் கடல் பிராணிக்கு எமன். மணல் கலைந்து அது வெளியே வந்தது, மையைக் கக்கியது, உடம்பெல்லாம் வெளுத்தது. இவர் கூடவே கொண்டுவந்திருந்தது ஒரே ஒரு பாட்டில் கடல்நீர். வாளியைச் சாய்த்து வடித்துவிட்டு அதை ஊற்றினேன். அத்தை மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எரிச்சலில் வாயை மூடுங்கள் என்று கத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அது தன் கைகளாலேயே மணலை வாரி மேலே போட்டுக்கொண்டது. உயிர் இருக்கிறது!

கல்லூரி ஜன்னல்களில் கறுப்புத் துணி. இருட்டில் பிரின்சிபாலும் இவரும் நானும் வாளியைச் சுற்றிக் குனிந்து நின்றோம். அது நீந்தும் சலசலப்பு கேட்டது. ஒளி வரவில்லை. இவர் வாளியைத் தட்டினார், நீரைக் கலக்கினார். வரவில்லை. பிரின்சிபால் தீக்குச்சி கிழித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

வேலை போயிற்று. இவர் ஒரு மில்லில் குமாஸ்தாவானார். தன் அம்மாவை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அத்தைதான் சாகும்வரை, "நான் ஊத்தின தண்ணிதான் எம்புள்ள வேலைய முழுங்கிடுச்சி" என்று சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லி அழுதார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

எண்பது வயது தாண்டியபின் இவர் ஒரு பத்திரிகையில் படித்தார்: அந்தக் கணவாய் ஒவ்வொரு விடியலிலும் கிருமிகளில் பெரும்பகுதியைத் தானே வெளியே துப்பிவிடும். மிச்சமிருப்பவை பெருகிச் சாயங்காலத்துக்குத்தான் நன்றாக ஒளி ஏறும். காலையில் எந்தத் தண்ணீரில் வைத்தாலும் இருட்டுதான்.

மறுபடியும் படித்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"கல்லறைக்கு. அம்மாகிட்ட சொல்லணும்."