என் நாக்கைக் காட்டி வாங்கிய பொடி

சேகர் அண்ணன் போய்விட்டார்.

இன்று காலை திண்டிவனம் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் அவர் மகன் போன் செய்தான். "சித்தப்பா... அப்பா..." என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேகர் அண்ணன் விழுப்புரம் – திண்டிவனம் தனியார் பஸ்ஸில் டிரைவர். அதே வண்டியில் நான் கண்டக்டர். பதினொரு வருஷம். வீட்டில் இருந்ததைவிட அவரோடு இருந்த நேரம்தான் அதிகம்.

வாய்னா அப்படி ஒரு வாய். விக்கிரவாண்டியில் யாராவது கை காட்டிவிட்டு ஏறாமல் நின்றால், "இன்னா, வண்டிய பொண்ணு பாக்க வந்தியா? ஏறு ஜல்தி!" என்பார். திட்டு வாங்கியவரே சிரித்துக்கொண்டு ஏறுவார்.

வயிறுதான் சரியில்லை. எங்கள் தொழிலில் யாருக்குத்தான் சரியாக இருக்கிறது? காலை டிபன் பதினொரு மணிக்கு, மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. ஏப்பம் விட்டுக்கொண்டே ஓட்டுவார். "மேல்வயிறு கல்லாட்டம் இருக்குதுடா மூர்த்தி" என்பார்.

திண்டிவனம் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடை. அங்கே வயிற்று மந்தத்துக்கு அஷ்ட சூரணப் பொடி கிடைக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம்... எல்லாம் கடைக்காரப் பெரியவரே பக்குவம் பார்த்து இடித்தது. முதல் கவளம் சோற்றில் நெய்யோடு பிசைந்து சாப்பிட வேண்டும்.

ஆனால் பெரியவருக்கு ஒரு பிடிவாதம். ஆளைப் பார்க்காமல் பொடி தரமாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார். மேல்வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். கடையில் பத்துப் பேர் நிற்கும்போதே "வெளிக்கு எப்டிப் போவுது?" என்று சத்தமாகக் கேட்பார்.

அண்ணன் போகவே மாட்டேன் என்றுவிட்டார்.

"அங்க எப்பவும் நம்ம லைன் ஆளுங்கதாண்டா நிக்கிறானுங்க. டிரைவருக்கு வயித்து வலின்னு எவனாச்சும் ஓனர் காதுல போட்டான்னா பேஜாரு. சீட்ட விட்டு எறக்கிடுவாரு. நீ உனக்குன்னு சொல்லி வாங்கிக்கினு வா."

போனேன். எனக்குத்தான் என்று சொன்னேன். என் நாக்கை நீட்டினேன், என் வயிற்றைக் காட்டினேன்.

எனக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "லேசா வாயு. வேற ஒண்ணுமில்ல" என்று பொட்டலம் கட்டித் தந்தார்.

முதல் இரண்டு மாதம் நன்றாகவே கேட்டது. கூட்டேரிப்பட்டு மெஸ்ஸில் இலையில் சோறு விழுந்ததும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுப்பார். நெய்யெல்லாம் அங்கே ஏது... வெறும் சோற்றில் போட்டுப் பிசைவார். பக்கத்து இலைக்காரருக்கும் கேட்காமலே ஒரு சிட்டிகை விழும். "சாப்புடுங்க, பரோட்டா தின்ன பாவமெல்லாம் போயிடும்."

அப்புறம் சட்டை தொளதொளவென்று ஆனது. பாதிச் சோற்றோடு இலையை மூடினார். நான் இரண்டு பொட்டலமாக வாங்க ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம் வண்டி நிழலில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார். "ரெண்டு வாரமா வெளிக்குக் கருப்பாப் போவுதுடா... ரோட்டுத் தாராட்டம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பொடியில கருஞ்சீரகம் இருக்குதுல்லண்ணே. அது அப்டித்தான் போவும்."

பெரிய டாக்டர் நான்!

"அப்டியா" என்று கேட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். நம்பிவிட்டார் மனுஷன்.

அதே வாரம் பொடி வாங்கப் போனேன். பெரியவர் வழக்கம்போலக் கேட்டார். வெளிக்கு எப்படிப் போகிறது? "நல்லாப் போவுதுங்க" என்றேன். எனக்கு நன்றாகத்தானே போகிறது...

அந்த ஒரு கேள்விக்கு அண்ணனுடைய பதிலைச் சொல்லியிருந்தால் பெரியவர் பொடியே தந்திருக்க மாட்டார். "இங்க நிக்காத, ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று அவர் எத்தனையோ பேரைத் துரத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முன்னால் விழுப்புரம் ஸ்டாண்டில் வண்டியை விட்டு இறங்கும்போது மயங்கி விழுந்தார். புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றில் கட்டி. அதிலிருந்து கசிந்த ரத்தம்தான் அப்படிக் கருப்பாகப் போயிருக்கிறது. ரொம்ப முற்றிவிட்டது என்றார்கள்.

"இவ்ளோ நாளா என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டார். அண்ணி பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்துக் காட்டினார். "இதத்தான் சாப்டுக்கினு இருந்தாருங்க. யாரு குடுத்தாங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு."

கட்டிலில் படுத்தபடி அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்பதுபோலத் தலையை ஆட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணி, நான்தான் வாங்கிக் கொடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. பையன் இந்தப் பதிவைப் படித்துக் காட்டுவான்.

இன்று போன் வந்ததும் நேராக அந்தக் கடைக்குத்தான் போனேன். பெரியவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னாப்பா, மூஞ்சி இப்டிக் கெடக்குது? மறுபடியும் வயிறா? நாக்க நீட்டு."

நீட்டினேன்.

டார்ச் அடித்துப் பார்த்தார். மேல்வயிற்றை அமுக்கினார்.

"உனக்கு ஒண்ணுமில்லப்பா. நல்லாத்தான் இருக்க."

எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நாளைக் காலை பத்து மணிக்குக் கோலியனூரில் எடுக்கிறார்கள். லைன் ஆட்கள் எல்லோரும் வந்துவிடுங்கள்.

போய் வாங்கண்ணே...