செலின் அக்கா, புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும்

செலின் அக்கா இறந்துவிட்டார். இன்று விடியற்காலை, ஆஸ்பத்திரியில்...

கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவருடைய அப்பா சவரி அங்கிள் போன் செய்தார். "மாலா, அக்கா போயிட்டாம்மா." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

பாதி தூக்கிய ஷட்டரைப் பிடித்தபடி நின்றேன். கடை முதலாளி டவ்கே என் முகத்தைப் பார்த்தார். ஷட்டரைத் திரும்ப இறக்கிவிட்டார்.

ஈப்போவில் எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். கண் டெஸ்ட் செய்பவர் அவர்தான். எழுத்து தெரியாமல் தடுமாறும் பெரியவர்களிடம் "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, இது எக்ஸாம் இல்லலா" என்பார். அவர்கள் சிரித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு ஜூலையும் அக்கா லீவு எடுப்பார். புனித அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு அப்பாவும் மகளுமாக ஈப்போவிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் வரை சைக்கிளில் போவார்கள். பழைய ரோட்டில்... தைப்பிங்கில் சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்கல்.

அங்கிள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கம்பெனி தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்டியபோது ஈப்போவுக்கு வந்து, ஒரு ஃபேக்டரியில் ஜாகாவாகக் காவலுக்கு இருந்தார்.

அக்காவின் அம்மா, ஆன்ட்டி இறந்த பிறகு அங்கிள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். "எனக்கும் சாமிக்கும் பேச்சு இல்ல" என்பாராம். அக்கா வாதாடவில்லை. "சாமிய விடுங்கப்பா. சைக்கிள் ஓட்டலாம், வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தப் பயணம்.

அங்கிள் அவ்வளவு தூரம் ஓட்டிப் போவார். ஆனால் கோயிலுக்கு உள்ளே போகமாட்டார். அக்கா கும்பிட்டு வரும்வரை கேட்டுக்கு வெளியே சைக்கிள்களோடு நிற்பார்... வருஷா வருஷம்.

போன வருஷம் அக்கா என்னைக் கூப்பிட்டார். "நீ கார்ல பின்னால வாலா. அப்பாவுக்கு முடியலைன்னா ஏத்திக்கலாம்."

"இத்தன வருஷம் கார் இல்லாமத்தானே போனீங்க?" என்றேன்.

"வயசாவுதுல்ல" என்றார். அப்பாவைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கோலகங்சார் தாண்டி புக்கிட் பெராப்பிட் மேடு. பாதி மேட்டில் அங்கிள் சைக்கிளை நிறுத்திவிட்டார். "காலு புடிச்சிக்கிச்சிம்மா. கொஞ்சம் உக்காரலாம்."

அவரை மர நிழலில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க வந்தேன். அக்கா காரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். உதடு வெளுத்திருந்தது. பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினார்.

"நுரையீரல்ல கட்டி" என்றார், விலை சொல்வது போல. "திருநாள் முடிஞ்சு ட்ரீட்மென்ட். அப்பாகிட்ட சொல்லிடாத மாலா. அம்மாவும் இதுலதான் போனாங்க..."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் போய், "இன்னும் கொஞ்ச தூரம்தான்ப்பா, மெதுவா போலாம்" என்றார்.

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. மறுநாள் வழியெல்லாம் அங்கிளுக்குக் கால் வலி. கமுந்திங்கில் நின்றோம். செமாங்கோலில் நின்றோம். ஒவ்வொரு முறையும் அக்கா உட்கார்ந்து மூச்சு வாங்குவார்.

பாகான் செராயில் வயலோரக் கடை ஒன்றில் டீ குடித்தோம். அக்கா முகம் கழுவப் போனார். நான் தைலம் எடுத்து அங்கிளிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "எனக்கு காலு நல்லாத்தான் இருக்கும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவ பின்னால வாராளே... மூச்சு சத்தம் எனக்குக் கேக்குது. இவ அம்மாவுக்கும் இப்படித்தான். நிப்பாட்டுன்னு சொன்னா நிப்பாட்ட மாட்டா. எனக்கு முடியலைன்னா நிப்பாட்டுவா."

பிறகு மெதுவாக, "அவகிட்ட சொல்லிடாத" என்றார்.

மீதி வழியெல்லாம் கார் ஓட்டிக்கொண்டே அழுதேன். முன்னால் இரண்டு சைக்கிள்கள்... நடக்கிற வேகத்தில்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். அக்கா மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அங்கிள் கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் இரண்டு சைக்கிளையும் என் பக்கம் தள்ளி, "பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அவரும் உள்ளே போனார்.

அக்கா திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த மெழுகுவர்த்தியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தனக்கு இன்னொன்று கொளுத்திக்கொண்டார்.

ட்ரீட்மென்ட் ஆரம்பித்த வாரம்தான் அக்கா அப்பாவிடம் சொன்னாராம். "தெரியும்மா" என்று மட்டும் சொன்னாராம் அங்கிள். அன்று கடையில் அக்கா இதைச் சொல்லிச் சிரித்தார்... பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தலைமுடி கொட்டிய பிறகும் முக்காடு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். போன மாதம்தான் வேலையிலிருந்து நின்றார்.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அக்காவைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். வெள்ளைச் சேலை, கையில் ஜெபமாலை. அங்கிள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை.

வருகிறவர்கள் எல்லாரும் அவரைக் கொஞ்ச நேரம் போய்ப் படுக்கச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"இல்லம்மா" என்றார். "ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரில அவ முழிச்சு முழிச்சுப் பாத்தா, நான் இருக்கேனான்னு. இருக்கேன்னு சொல்லிட்டேன்."

நாளைக் காலை அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள். முடிந்தால் அங்கிள் பக்கத்தில் சும்மா கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

பாத்துப் போங்க, அக்கா...