அப்பா நடத்திய ஆங்கில வாரம்

ஈப்போவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசை வேலைக்கு அக்காவை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இது தவறினால் கையுறைத் தொழிற்சாலைதான் என்று அம்மா சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஆங்கிலம் எழுத நன்றாக வரும். பேசச் சொன்னால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

உடனே அப்பா அறிவித்தார்: தேர்வு முடியும்வரை வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, தோட்டம் கைமாறியதும் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்குக் குடிவந்து கல்குவாரியில் லோரி ஓட்டியவர் அவர். அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி.

மறுநாள் விடிவதற்குள் கூடத்தில் சத்தம். “ஸ்டாண்ட் அப்! ஹரி அப்! லைன் அப்!” தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் மேனேஜர் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு அப்படித்தான் நடக்குமாம். அம்மா கரண்டியோடு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் அக்கா, கடைசியில் பல் துலக்காத நான். சாப்பாட்டு மேசையில் “சிட் டவுன்” என்றால் உட்கார வேண்டும், “கேரி ஆன்” என்றால்தான் சோற்றில் கை வைக்க வேண்டும். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பூனைக்கும் ஒரு “கெட் அவுட்” கிடைத்தது. எனக்கோ ஒரே கொண்டாட்டம்.

“வீட்டுக்குள்ள கங்காணி வந்த மாதிரி இருக்குலா,” என்று அம்மா தமிழில் முணுமுணுத்தார். அதற்கும் ஒரு “ஷட் அப்” வந்திருக்க வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அப்பா அதை விழுங்கிவிட்டார்.

இரவில் ஒத்திகை. கைலிக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு அப்பா மேனேஜராக உட்கார்ந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. “ஸ்பீக் அப்!” என்று அதட்டினார், அவ்வளவுதான்.

“எந்த மேனேஜருப்பா இப்படிப் பேசுவாங்க?” என்று அக்கா சிரித்தாள்.

“பேசுவாங்கலா. நான் பாத்திருக்கேன்.”

வேறு வழியில்லாமல் கேள்வியையும் அக்காவே கேட்டு, பதிலையும் அவளே சொல்ல வேண்டியதாயிற்று. சிரித்துச் சிரித்தே அவளுக்குத் தொண்டை திறந்துகொண்டது.

தேர்வு நாளில் ஹோட்டல் கூடத்தில் அப்பாவும் நானும் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே வேலை கிடைத்துவிட்டது தெரிந்தது. கூடவே வந்த மேனேஜர் ஓர் இளம் சீனப் பெண். நேராக வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கிள் நலமா, வெகுநேரம் காத்திருந்தீர்களா, சாப்பிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் நிதானமாக விசாரித்தார்.

ஒரு வாரம் எங்களை ஆட்டி வைத்த அப்பா அவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்து நிமிர்ந்து நின்றார். கூடமே திரும்பிப் பார்க்கும்படி, “கேரி ஆன்!” என்றார்.

வீடு வந்து சேரும்வரை காரில் நாங்கள் சிரித்த சிரிப்பு அடங்கவில்லை. அப்பாவும் சேர்ந்துதான் சிரித்தார். இந்தக் கதையை நான் பள்ளியில் சொன்னேன், கோயில் அன்னதானத்தில் சொன்னேன், வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் சொன்னேன். அந்தப் பெண் கேட்டது பாவம் அப்பாவுக்குப் புரியவில்லை என்பதுதான் என் கதையின் உச்சகட்டம்.

எனக்குக் கல்யாணமான பிறகு, ஒருநாள் என் கணவரிடம் அதையே அளந்துகொண்டிருந்தேன். அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“புரிஞ்சுதுலா,” என்றார். “இங்கிலீஷ்ல அதுவரைக்கும் யாரும் என்னைய சாப்டியான்னு கேட்டதில்ல. என்ன சொல்றதுன்னு தெரியல.”