முருகைக்கல்லில் கிழிந்த பாதங்கள்

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவது என் வேலை. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்பா வயதுக்காரர்கள்கூடத் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எனக்குப் பதில் சொல்வார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த வருடம் எங்கள் சின்னதுரை, தோட்டத்தின் வெள்ளைக்கார உதவி மேலாளர், வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பினார். போகிற போக்கில் ஒரு கித்தான் கூடாரத்தையும், கடலுக்கடியில் பார்ப்பதற்கான முகக் கண்ணாடியையும், அதோடு வரும் மூச்சுக்குழாயையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். குளிரில் பல்லடிக்கும் ஊரில் இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆபீஸ் கிளாக்கரும் ஃபேக்டரி டீமேக்கரும் என் சிநேகிதர்கள். கிளாக்கரிடம் ஓட்டை வேன் ஒன்று இருந்தது. சித்திரை வருடப் பிறப்பு விடுமுறையில் திருகோணமலைக்குப் போய்க் கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவது என்று முடிவாயிற்று.

சமைக்க ஓர் ஆள் வேண்டுமே. என் பெரட்டில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவரைக் கூப்பிட்டேன். வருகிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில வந்துரு" என்றேன். பெண்டாட்டி பிள்ளைகளோடு வருடப் பிறப்பைக் கொண்டாட வேண்டிய மனிதர், மறுபேச்சில்லாமல் வந்தார். அவருக்கும் என் வயதுதான். அப்போது அவன், இவன் என்றுதான் சொல்வேன். இப்போது எழுதும்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

கண்டி, தம்புள்ளை என்று வழியெல்லாம் வேனைத் தள்ளிக்கொண்டு திருகோணமலையை அடுத்த நிலாவெளிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் நாள் காலையில் ஒரு மீனவர் தன் தோணியில் எங்களைப் புறாத்தீவுக்குக் கொண்டுபோய் விட்டார். கரையை ஒட்டியே முருகைக்கல், அதுதான் பவளப்பாறை, தண்ணீருக்கடியில் பரந்து கிடந்தது.

"இந்தக் கல்லு முடியிற இடத்தோட நிண்டுருங்க. அங்கால ஆழம்" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் வருவதாக அவர் மீன்பிடிக்கப் போய்விட்டார்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கிளாக்கர் கேட்டார்.

"ஆத்தோரத்துல பொறந்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றேன்.

உண்மையில், லயத்து வீடுகளுக்குப் பொதுவான பீலியில், மலைத்தண்ணீர் கொட்டும் குழாய்க்கு அடியில், தலையை நீட்டிக் குளித்ததுதான் என் நீச்சல். மலையாற்றில் இறங்கினாலும் இடுப்பளவுக்கு மேல் போனதில்லை. எங்கள் ஆற்றில் ஒரு கணக்கு உண்டு. அடியில் கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே கால் ஊன்றலாம். கடலுக்கும் அதே கணக்குத்தான் என்று நம்பினேன்.

சிநேகிதர்கள் இருவரும் சிப்பி பொறுக்கத் தீவின் மறுபக்கம் போனார்கள். சமைக்க வந்தவர் கரையில் கல் கூட்டிச் சோற்றுக்கு உலை வைத்தார். நான் கண்ணாடியை மாட்டி, குழாயை வாயில் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தேன்.

அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் நான் கண்டதில்லை. மான்கொம்பு மாதிரி கிளை கிளையாகப் பவளம், அதற்குள் நுழைந்து நுழைந்து ஓடும் மஞ்சளும் நீலமுமான மீன்கள். என் மூச்சுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. உடம்பு தானாக மிதந்தது. நீச்சல் இவ்வளவுதானா என்று ஒரு மீனின் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். பாறை முடிந்ததைக் கவனித்தேன், அடியில் வெள்ளை மணல் பளிச்சென்று தெரிந்ததால் பயப்படவில்லை. கொஞ்சம் நிற்கலாம் என்று காலை இறக்கினேன். கீழே ஒன்றுமே இல்லை.

குழாய்க்குள் தண்ணீர் புகுந்தது. இருமினேன், இன்னும் குடித்தேன். மேலே வந்து ஒரு தடவை கத்தினேன் என்று நினைக்கிறேன். பிறகு மூழ்கினேன். செத்துப்போகிறோம் என்று தெளிவாகத் தெரிந்தது.

முகத்தில் ஏதோ ஈரத்துணி அடித்தது. பிடித்தேன். அவருடைய தலைத்துண்டு. வெறுங்காலோடு அந்த முருகைக்கல் மேல் ஓடி வந்து, பாறை விளிம்பில் மார்பளவுத் தண்ணீரில் நின்று, ஒரு கையால் பாறையைக் கட்டிக்கொண்டு துண்டை வீசியிருக்கிறார். அவருக்கும் நீச்சல் தெரியாது. நான் துண்டைப் பிடித்து இழுத்து, அவர் தோளைப் பிடித்து, அவர் மேலேயே ஏறித்தான் பாறைக்கு வந்தேன். நான் ஏறிய வேகத்தில் அவர் தண்ணீருக்குள் போய்விட்டார். எனக்குக் கால் நிலைத்த பிறகுதான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அதைக்கூடச் செய்யாமல் இருந்திருந்தால் நான் மனுஷனே இல்லை.

அவரை மணலில் இழுத்துப் போடும் நேரத்தில்தான் என் சத்தம் கேட்டுச் சிநேகிதர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் பார்த்தது இதைத்தான்: நெற்றியில் கண்ணாடியோடு நான் நிற்கிறேன், என் காலடியில் அவர் தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடக்கிறார்.

"இவன் ஏன் கடல்ல எறங்குனான்? நல்லவேளை, நீ இருந்தே" என்றார் கிளாக்கர்.

நான் தலையாட்டினேன். ஆற்றோரத்தில் பிறந்தவன் என்று பீற்றி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே. வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது.

டீமேக்கர் அவரைப் பிடித்துத் திட்டினார். "நீச்சல் தெரியாதவனுக்கு எதுக்குடா இந்த வேலை? ஐயா இல்லேன்னா இன்னைக்கு உன் கதி என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். பிறகு மணலைப் பார்த்துக்கொண்டு, "தப்புதாங்கய்யா" என்றார்.

அவருடைய இரண்டு பாதங்களும் நார் நாராகக் கிழிந்திருந்தன. மார்பிலும் கையிலும் ரத்தம். அந்தக் காலோடு எழுந்து போய் உலையை இறக்கினார். அந்தச் சோற்றை நானும் சாப்பிட்டேன்.

தோட்டத்துக்குத் திரும்புவதற்குள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சிநேகிதர்கள் விடவில்லை. திரும்பிய மறுநாளே பெரட்டுக்களம் முழுக்க என் வீரம்தான் பேச்சு. நானும் கேட்டவர்களுக்குக் கொஞ்சம் கை கால் வைத்துச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்தார். தட்டில் தேங்காய், வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் என் காலில் விழுந்துவிட்டார். பிள்ளைகளையும் விழச் சொன்னார்.

"நீங்க இல்லேன்னா எம்புள்ளைங்க அநாதைங்க, சாமி. ஆயுசுக்கும் மறக்கமாட்டோம்."

வாசலில், கால்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கம்பை ஊன்றி அவர் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தேன். இல்லம்மா, இவருதான் என்னைக் காப்பாத்துனாரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரி, சரி, எந்திரிம்மா" என்றேன். தட்டை வாங்கிக்கொண்டேன்.

மனைவியும் பிள்ளைகளும் படியிறங்கிய பிறகு அவரிடம் தணிந்த குரலில் கேட்டேன். "வீட்டுலயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமே?"

கோபமே இல்லாமல் சொன்னார்: "நாளைக்கும் உங்க பெரட்டுலதாங்க நான் நிக்கணும்."

அதற்குப் பிறகு மூன்று வருடம் அவர் என் பெரட்டில் நின்றார். தினமும் காலையில் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார். அந்த நேரத்தில் நான் வேறு எங்காவது பார்ப்பேன். பிறகு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன். ஓடினேன் என்பதுதான் சரியான சொல்.

இத்தனை காலம் கழித்து இதை முதல் முறையாக ஒருவரிடம் சொல்கிறேன். யார் பெயரையும் குறிப்பிடாமல்தான் எழுதியிருக்கிறேன். அவர் பெயரை மறைக்க எந்தக் காரணமும் இல்லை, ஊரறியச் சொல்ல வேண்டிய பெயர் அது. அதைச் சொன்னால் என் பெயரும் வெளியே வந்துவிடுமே என்று இன்றைக்கும் பயப்படுகிறேன் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருக்கிறது.